பணக்காரங்க தானா கொடுக்கணுமா, நாம கேட்டு வாங்கணுமா?

அன்னக்கூடை (புதுச்சேரி) கேட்டது:

வணக்கம். பாண்டியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பார்க்கிறேன். சொந்த ஊரு கடலூருக்குத் தெக்கே ஒரு மீனவக் குப்பம். பேரு வேணாம், இங்க சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்க.

மார்ச் பொறந்தா எங்க ஆபீஸ்ல ஒரு கூத்து நடக்கும். 2013 கம்பெனிச் சட்டத்துல 135ஆவது பிரிவுன்னு ஒண்ணு. நிகர மதிப்பு 500 கோடி, விற்பனை 1,000 கோடி, லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். வருஷம் பூரா தூங்கிட்டு 20ஆம் தேதிக்கு மேல போன் போடுவாங்க: "ஏதாவது ஸ்கூல் இருந்தா சொல்லும்மா, 31க்குள்ள முடிக்கணும்." போன வருஷம் அப்படித்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு போச்சு. அங்க பொம்பளைப் புள்ளைங்க கக்கூஸ்ல தண்ணி வராது.

நேத்து சாப்பாட்டு நேரத்துல கூட வேலை செய்யற அண்ணன் ஒருத்தர், அசிம் பிரேம்ஜி 2019ல விப்ரோ பங்கு 34 சதவீதத்தை அறக்கட்டளைக்கு ஒதுக்கினதைச் சொன்னார். 52,750 கோடி. முன்ன கொடுத்ததையும் சேர்த்தா 1,45,000 கோடி. "இப்படி எல்லாக் கோடீஸ்வரனும் கொடுத்துட்டா நாட்டுல ஏழையே இருக்க மாட்டான்"னார். எனக்குச் சோறு இறங்கல. பிரேம்ஜி மேல கோபம் இல்ல. வாங்குற வரிசையில நான் நின்னிருக்கேன், அதான்.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்ப எனக்கு 12 வயசு. ரெண்டாவது வாரம் லாரி லாரியா துணி வந்துச்சு. எனக்குக் கிடைச்சது முழங்கால் வரைக்கும் தொங்குற கம்பளிக் கோட்டு. கடலூர் வெயிலுக்கு! அம்மா அதை ஐஸ் பெட்டி மேல போத்தி வெச்சாங்க. ஐஸ் ரெண்டு மணி நேரம் கூடுதலா தாங்குச்சு. அப்பாவோட கட்டுமரம் போயிடுச்சு. நாலு குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் போட்டுன்னு கொடுத்தாங்க. பக்கவாட்டுல கொடுத்தவங்க பேரு, எங்க வீட்டு வாசக்காலை விட உசரமான எழுத்துல. எங்களுக்கு அவசரமா வேணும்னு கேட்டது வலை. கரையில முன்ன இருந்ததை விட போட்டு அதிகமாச்சு, மீனு அதிகமாகல.

எங்க ஊர்ல "வரி"ன்னு ஒண்ணு உண்டு. சர்க்கார் வரி இல்ல, கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கட்டுறது. திருவிழா, சாவுச் செலவு எல்லாம் அதுலதான். வரிக்காரன் எழுந்து நின்னு "கணக்கைக் காட்டு"ன்னு கேக்கலாம். லாரிக்காரங்களை யாரும் எதுவும் கேக்க முடியாது, கும்பிடத்தான் முடியும்.

இப்ப சொல்லுங்க. கொடுக்கிறதை அவங்க மனசுக்கு விட்டுடலாமா, வரியா வாங்கிடலாமா?

முந்திரிக்கொட்டை (பண்ருட்டி) பதில்:

தங்கச்சி, நான் எதிர்க்கட்சி. சம்பாதிச்சவன் காசு சம்பாதிச்சவனுக்கு. கொடுத்தா சந்தோஷம், கொடுக்கலைன்னா திட்ட நமக்கு உரிமை இல்ல.

இன்னொண்ணு, உங்க ஆபீஸ் அண்ணன் நினைக்கிற மாதிரி 52,750 கோடி பீரோவுல நோட்டா இல்ல. எல்லாம் பங்கு. டிவிடெண்டு, அதாவது கம்பெனி தர்ற லாபப் பங்கு, வந்தா அறக்கட்டளைக்குப் போவும், வித்தா அந்தப் பணம் போவும். மொத்தத்தையும் ஒரே நாள்ல சந்தைக்குக் கொண்டுவந்தா விலை படுத்துடும். என் முந்திரித் தோப்பு 40 லட்சம் பெறும்னு ஊர்ல சொல்றான், என் பாக்கெட்ல நேத்து 200 ரூபா இருந்துச்சு. இதே தோப்பு 2011 டிசம்பர் 30 காலையில, தானே புயல்ல, விலையே இல்லாமப் போச்சு. தாத்தா வெச்ச மரம், வேரோட மல்லாந்து கெடந்துச்சு. பலாவும் போச்சு. ஒட்டுக் கன்னு வெச்சு மூணு வருஷம் கொட்டையையே பார்க்கல. அப்ப எந்தக் கோடீஸ்வரனும் வரல, நானும் எதிர்பார்க்கல.

ஆனா ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர் வரியில எல்லாருக்கும் பங்கு கிடைச்சுதா?

தைப்பூசம் (வடலூர்) பதில்:

பசிச்சவங்களுக்குச் சோறு போடுற எங்க ஊர் தருமசாலை அடுப்பை வள்ளலார் 1867ல மூட்டினார். இன்னும் அணையல. நிலம் கொடுத்தது பார்வதிபுரத்து ஜனங்க, கோடீஸ்வரன் ஒருத்தரும் இல்ல. நானும் மாசம் ஒரு சிப்பம் அரிசி போடுறேன். மூட்டையில பேரு எழுத மாட்டேன், அவங்களும் கேக்க மாட்டாங்க.

பெரிய பணக்காரர்லயும் அப்படி ஒருத்தர் இருந்தார்: அமெரிக்காவுல சக் ஃபீனி, விமான நிலையத்துல டியூட்டி ஃப்ரீ கடை வெச்சவர். 800 கோடி டாலர் கொடுத்திருக்கார். 1997 வரைக்கும் வெளியில தெரியாது. கடைசியில வாடகை வீட்டுல இருந்தார், 2023ல போயிட்டார். மனசுக்கு விட்டா எல்லாரும் லாரியில பேரு எழுதிக்கிட்டுத்தான் வருவாங்கன்னு சொல்லிட முடியாதும்மா.

பழைய வாத்தியார் (புதுச்சேரி) பதில்:

முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினவன், நீளமாத்தான் எழுதுவேன். பொறுத்துக்குங்க.

பக்கத்துலயே பாருங்க. சிதம்பரத்துல 1929ல ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகம் கண்டார். இந்த ஜில்லாவுல எத்தனை வீட்டுல முதல் பட்டதாரி அங்கிருந்து வந்தவன்! என் அண்ணன் உட்பட. அந்தக் காலத்துச் செட்டிநாட்டுப் பணத்துல பெரும் பகுதி பர்மா லேவாதேவியில வந்தது. 1930கள்ல நெல் விலை விழுந்து கடன் கட்ட முடியாம, கீழ் பர்மாவுல நெல் நிலம் கால்வாசி செட்டியார் கடைங்க கைக்குப் போச்சு. பர்மாக்காரன் நெல்லு இங்க படிப்பாச்சுன்னு வகுப்புல சொல்லுவேன். பிள்ளைங்க சிரிக்காது. அந்தப் பல்கலைக்கழகமே பண நெருக்கடியில மாட்டினப்ப, 2013ல சட்டம் போட்டு எடுத்துக்கிட்டது யாரு? தமிழ்நாடு அரசு. கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு தாங்குறது பொதுப் பணம்தான்.

அமெரிக்க இரும்பாலை முதலாளி கார்னகி கதையும் இதேதான். 2,500க்கு மேல நூலகம் கட்டினார், பணக்காரனா சாகிறது அவமானம்னும் எழுதினார். அவரோட ஹோம்ஸ்டெட் இரும்பாலையில 1892ல கூலியைக் குறைச்சாங்க, தொழிலாளிங்க எதிர்த்து நின்னாங்க, துப்பாக்கிச் சண்டையில ஆள் செத்தாங்க. பன்னிரண்டு மணி நேரம் உலையில நின்னவன் எப்ப நூலகத்துக்குப் போறது?

தம்பி முந்திரிக்கொட்டைக்கு: நம்ம நாட்டுல வாரிசுச் சொத்து மேல வரி இருந்துச்சு. உச்சத்துல 85 சதவீதம். 1985ல எடுத்துட்டாங்க. சொத்து வரி, வீட்டு வரி இல்ல, பணக்காரங்க செல்வத்து மேல இருந்தது, அதையும் 2015 பட்ஜெட்ல எடுத்துட்டாங்க. வசூல் குறைச்சல், செலவு அதிகம்னு காரணம். ஓரளவு நியாயம்தான், ஏய்ச்சவங்கதான் அதிகம். அதுக்காக "அவங்களா கொடுப்பாங்க"ன்னு உட்கார்ந்திருக்கலாமா? 2010ல பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும் ஆரம்பிச்ச உறுதிமொழியில பாதிச் சொத்துக்கு மேல கொடுக்கிறேன்னு கையெழுத்துப் போடுறாங்க. போட்டவர் கொடுக்கலைன்னா கேக்கக் கோர்ட்டே கிடையாது.

எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். மாசம் பொறந்தா பென்ஷன் வரும். ஒரு நாள் தள்ளிப் போனாலும் சட்டையை மாட்டிக்கிட்டுச் சண்டைக்குக் கிளம்பிடுவார். வயித்துப்பாட்டுக்காக அவர் தெருவுல யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்ல.

முந்திரிக்கொட்டை பதில்:

ஐயா, தாத்தா உழைச்சதுக்கு வாங்கினார். அது வேற கதை. தங்கச்சி இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லல.

அன்னக்கூடை பதில்:

சொல்றேன் அண்ணே. ராத்திரி முழுக்க அதையேதான் யோசிச்சேன்.

கிடைக்கல. ஊருக்கு வந்த நிவாரணம் எல்லாத்தையும் மொத்தமா வாங்கி வரி கட்டுற ஒவ்வொருத்தருக்கும் சமமா பிரிச்சாங்க. நேர்மையாத்தான் பிரிச்சாங்க, ஒரு கிலோ அரிசி அங்க இங்க போகல. ஆனா வரி ஆம்பளைக்குத்தான். எங்க அத்தைக்கு, அப்பாவோட தங்கச்சி, மாமா சுனாமிக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டார். ரெண்டு பொட்டப் புள்ளைங்க. வரிப் பட்டியல்ல அத்தை பேரே இல்ல. கணக்கைக் காட்டுன்னு கேக்க எங்க ஊர்ல உரிமை இருக்குன்னு பெருமையா எழுதினேனே, அத்தைக்கு அந்த உரிமை ஒரு நாளும் இருந்ததில்ல. அப்பா பஞ்சாயத்துல எழுந்து கேட்டார். "வழக்கம் இல்ல"ன்னு ஒரே வார்த்தை.

அத்தையைத் தூக்கி விட்டது ஒரு தனி ஆள். பாண்டியில துணிக்கடை வெச்சிருந்தவர், ஸ்கூட்டர்ல வந்தார். கூட்டம் நிக்கிற இடத்துக்குப் போகாம, ஓரமா உட்கார்ந்திருந்த அத்தைகிட்ட "உனக்கு என்னம்மா வேணும்"னு கேட்டார். அன்னக்கூடை ஒண்ணு, ஐஸ் பெட்டி ஒண்ணு, ஏலத்துல மீன் எடுக்க மூவாயிரம்னுச்சு அத்தை. மறுநாள் கூடையும் பெட்டியும் வந்துச்சு. கையில ஐயாயிரம் வெச்சார். போட்டோ எடுக்கல. பேரு கேட்டும் சொல்லல. அத்தை இன்னும் மஞ்சக்குப்பத்துல மீன் விக்குது. அந்தக் கூடை நசுங்கி, காது ஒடைஞ்சு, கம்பி கட்டி இன்னும் வீட்டுலதான் இருக்கு. என் பேரு இங்க அதான்.

அதனால ஐயா சொல்ற மாதிரி வரியா வாங்கிட்டா மட்டும் தீராதுன்னு எனக்கே தெரியுது. பட்டியல்ல பேரு இல்லாதவங்களை வரி பார்க்காது. ஆனா அண்ணே, அந்த ஸ்கூட்டர்காரர் எங்க குப்பத்துக்கு எதேச்சையா வந்தார். பக்கத்துக் குப்பத்துல எங்க அத்தை மாதிரி எத்தனை பேர் இருந்தாங்களோ. கோடீஸ்வரன் மனசு யாரு பக்கம் திரும்பும்னு காத்திருக்க எனக்குப் பிடிக்கல. எனக்கு வரியும் வேணும், பட்டியல் எழுதும்போது அத்தை மாதிரி ஆளும் பக்கத்துல உட்காரணும். அதுக்கு மேல கொடுக்கிறவங்க கொடுக்கட்டும், ஆனா முதல்ல என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்கட்டும்.

இன்னைக்குக் காலையில ஒரு கம்பெனி ஃபைல் வந்துச்சு. 6 லட்சம் மிச்சம், 31க்குள்ள முடிக்கணுமாம். "பள்ளிக்கூடத்துல என்ன தேவைன்னு கேட்டீங்களா சார்"னு மெயில் போட்டேன். "போட்டோவுக்கு நல்லா இருக்கிற மாதிரி ஏதாவது நீங்களே சொல்லுங்க மேடம்"னு பதில்.

முந்திரிக்கொட்டை பதில்:

நீங்க என்ன சொன்னீங்க?

அன்னக்கூடை பதில்:

கக்கூஸுக்கு மோட்டாரும் தண்ணித் தொட்டியும்னு எழுதினேன். தொட்டி ரோட்டுல இருந்தே தெரியும், கம்பெனி பேரு பெரிசா எழுத இடம் இருக்குன்னும் ஒரு வரி சேர்த்துட்டேன். பத்தே நிமிஷத்துல ஓகேன்னு வந்துடுச்சு.