மறு: ‘கண்ணீர் அழற்சி’ என்னும் சொல் பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

லேசர் கண் அறுவை செய்துகொள்வோருக்கான கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அறுவைக்குப் பின் கண்ணீரில் காணும் அழற்சி மாற்றங்களைக் குறிக்க முன்மடலில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த ‘கண்ணீர் அழற்சி’ என்னும் சொல்லைப் பற்றி இப்போதே எழுதுகிறேன். குடல் அழற்சி, மூட்டழற்சி என்னும்போது முன்னே நிற்கும் உறுப்புதான் அழல்கிறது. கண்ணீர் உறுப்பன்று. லேசர் கண் அறுவையின் ஒரு வகையான ‘பிஆர்கே’ முறையில் கருவிழிப்படலத்தின் மேலடுக்கை நீக்கிவிட்டு, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரால் உள்ளடுக்கைச் செதுக்கும்போது, காயம்பட்ட செல்களிலிருந்து இன்டர்லூக்கின்-1 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் கசிந்து கண்ணீரில் கலக்கின்றன. மேலடுக்கு மூன்று முதல் ஐந்து நாளில் மீண்டும் மூடிக்கொள்ளத் துணைசெய்யும் வளர்ச்சிக் காரணிகளும் அதே கண்ணீரில்தான் இருக்கின்றன. அழற்சியைத் தூண்டும் பொருளையும் புண்ணை ஆற்றும் பொருளையும் சேர்த்துச் சுமக்கும் நீருக்கு அழற்சியின் பெயரை மட்டும் சூட்டுவது நோயாளியைத் தவறான எண்ணத்தில் ஆழ்த்தும். ‘கண்ணீரில் அழற்சி மாற்றங்கள்’ என்று விரித்தே எழுதலாம்.

ஆங்கிலத்தில் சைட்டோகைன் எனப்படும், அழற்சியைத் தூண்டும் அப்புரதங்களுக்கு ‘அழல் தூது’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். நன்னூல் விதிப்படி வேற்றுமைப் புணர்ச்சியில் ‘அழற்றூது’ என்றே வரவேண்டும் என்பது எனக்கும் உடன்பாடே. வேல், தலை என்பவை வேற்றலை ஆவது போன்றதுதான் இது. ஆயினும் அறுவை முடிந்து, கண் கூசும் நிலையில் கையேட்டைப் பிடித்திருப்பவர் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்துப் பொருள்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

காயம் மூடி நலமாவதைப் ‘புண் ஆறுதல்’ என்றால் அது மனத்தேற்றத்தைக் குறிக்கும், ‘குணமாதல்’ என்றே எழுத வேண்டும் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. பால் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது. மூன்றிலும் வெம்மை தணிவதே பொருள். அழன்றது ஆறும் என்னும் இந்த இணையைத் தமிழ் முன்பே நமக்குத் தந்திருக்க, ‘குணமாதல்’ எதற்கு?

ஆறும்போது சிலருக்குக் கருவிழிப்படலத்தில் தோன்றும் மங்கலைப் ‘பூ’ எனலாம் என்றார் ஒருவர். ‘கண்ணில் பூ விழுந்தது’ என்னும் வழக்கை நானும் ஊரில் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அது பார்வையை மறைக்கும் தடித்த வெண்தழும்பைக் குறிப்பது. இதுவோ பெரும்பாலும் மெல்லியது, பல மாதங்களில் தெளியக்கூடியது. ‘மூட்டம்’ போதும்.

சைட்டோகைன் என்றே விட்டுவிட வேண்டும் என்னும் மருத்துவர் அம்மையார் இன்னும் இசையவில்லை. வியாழன் இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால், ‘அழல் தூது’ என்று அச்சிட்டு, முதல் இடத்தில் மட்டும் சைட்டோகைன் என்பதையும் அருகில் சேர்த்துவிடுகிறேன்.