ராத்திரி ரெண்டு மணிப் பசி: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

வார்டு சிஸ்டர்:
ரெண்டரை மணிக்கு ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா, ஏதாவது குடு"ன்னார். சாயங்காலம் இன்சுலின் போட்டவர், ரெண்டு இட்லியோட நிறுத்திட்டார். கூட இருந்த அம்மா பாலை ஆத்த ஆரம்பிச்சாச்சு. தலைக்கு மேல ஃபேன் முழு வேகத்துல ஓடுது, அவர் நெத்தியெல்லாம் வேர்வை. அதுதான் இன்னும் கண்ணுல நிக்குது. விரல்ல குத்திப் பார்த்தா ரத்தச் சர்க்கரை 54. லோ சுகர். அந்த நேரத்துல பால் ஆகாது, கொழுப்பு இருக்கறதால சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். மூணு டீஸ்பூன் சர்க்கரையை (15 கிராம் கிட்ட வரும்) அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்தணும். 70-க்குக் கீழேயே இருந்தா அதே அளவு இன்னொரு தடவை. 70 தாண்டினப்புறம் பாலும் பிஸ்கட்டும். நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும். நேரா ஆஸ்பத்திரிதான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடுன்னு சுகர் மாத்திரை போடுறவங்களுக்கும் இந்த லோ சுகர் வரும்.

மெஸ் மேற்பார்வை:
சிஸ்டர், இதைப் படிச்சுட்டு ஊரே சர்க்கரை கரைக்கப் போகுது! சுகர் மருந்து எடுக்காதவங்களோட ராத்திரிப் பசி பெரும்பாலும் தூக்கக் கடன், அதாவது தூக்கம் பத்தாததால வர்றது. பரீட்சை நேரத்துல ஒரு பையன் எட்டு மணிக்கு சாம்பார் சாதத்தைப் பாதியில தள்ளிட்டுப் போனான். ஒரு மணிக்கு மிக்சர் பாக்கெட்டை வாயில கவுத்துக்கிட்டு நிக்கறான். சிகாகோ பல்கலைக்கழகத்துல 2004-ல 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க. கலோரி ஒரே அளவுதான். ஆனாலும் பத்து மணி நேரம் படுத்தப்போ இருந்ததைவிட, வயிறு நிறைஞ்சதைச் சொல்ற லெப்டின் 18% குறைவு, பசியைக் கிளப்புற கிரெலின் 28% கூட. ஆசை போனதெல்லாம் இனிப்பு, உப்பு நொறுக்கு, மாவுப் பண்டம் மேலதான்.

மருந்துக்கடை:
அண்ணே, அந்த ஹார்மோன் கணக்கு பின்னாடி வந்த எல்லா ஆய்விலயும் அப்படியே வரல. தூக்கம் குறைஞ்சா கூடுதலா சாப்பிடுறாங்கங்கறதுதான் திரும்பத் திரும்ப வருது. 2022-ல வந்த ஆய்வுல, உடம்பு எடை கூடின, குறைவாத் தூங்குற 80 பேர்ல ஒரு பாதியைத் தினம் ஒண்ணேகால் மணி நேரம் போலக் கூடுதலாத் தூங்க வச்சாங்க. டயட் எதுவும் சொல்லாமலே, மத்த பாதியைவிட ஒரு நாளைக்கு 270 கலோரி குறைஞ்சுது.

சிஸ்டருக்கு ஒண்ணு: வோக்லிபோஸ், அகார்போஸ்ங்கற சுகர் மாத்திரையும் சேர்த்துப் போடுறவங்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அதை உடைக்கிற நொதியையே அந்த மாத்திரை தடுக்குது. குளுக்கோஸ் பொடிதான் குடுக்கணும்.

நான் சொல்ல வந்தது வேற. ஸோல்பிடெம்ங்கற தூக்க மாத்திரைச் சீட்டோட வர்ற ஒருத்தரோட வீட்டம்மா கவுன்டர்ல வந்து கேட்டாங்க: காலையில சமையல்கட்டுல பச்சைக் கோதுமை மாவு சிந்திக் கிடக்கு, அவர் மீசையிலயும் மாவு, கேட்டா அவருக்கு எதுவும் நினைவில்லை. தூக்கத்துலயே நடந்து சாப்பிடறது இந்த மாத்திரையால வரும், மதுவும் சேர்ந்தா இன்னும் மோசம். அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். அதுவரை ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடி வைங்க.

நைட் ஷிப்ட்:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். எங்க கேட்ல இருக்கற செக்யூரிட்டி தாத்தா மூணு மணிக்கு நாலு பரோட்டா சால்னாவோட முடிச்சுட்டு, விடியறவரை நெஞ்சைத் தடவிக்கிட்டே இருந்தார். உடம்போட உள்கடிகாரப்படி பசி சாயங்காலம் எட்டு வாக்குல உச்சம், காலை எட்டு வாக்குல அடிமட்டம். ராத்திரியில சர்க்கரையைக் கையாளுற திறனும் குறைவு. அதனால பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு முன்னாடியே முடிங்க. பன்னெண்டு மணி வாக்குல ஒரு கப் சுண்டலோ அவிச்ச முட்டையோ போதும். அப்புறம் பசிச்சா மோர். காலை எட்டுக்குத் தூங்கறவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு மேல காபி தொடவேணாம். வீட்டுக்கு வந்ததும் சின்னதா ஏதாவது சாப்பிட்டுப் படுங்க, இல்லன்னா பதினோரு மணிக்குப் பசி எழுப்பிவிட்டுடும். ஜன்னலுக்குக் கனமான திரை...

மெஸ் மேற்பார்வை:
தம்பி, திரை இருக்கட்டும். சிஸ்டர், அந்தப் பெரியவருக்கு இன்சுலினைக் குறைச்சாங்களா?

வார்டு சிஸ்டர்:
டாக்டர் சாயங்கால டோஸைக் குறைச்சார். சாப்பாடு பாதியா இறங்கின நாள்ல எத்தனை யூனிட் போடணும்னு சீட்டுலயே எழுதி வாங்கிக்கச் சொன்னோம். டோஸ் மாத்தின கொஞ்ச நாளைக்கு மூணு மணிக்கு அலாரம் வச்சுக் குத்திப் பாக்கணும்.