முதல் திருப்பம் 41-ம் பக்கத்துல வருது, வெட்டணுமா?

அம்மாபேட்டை_தறி:
வணக்கம். ஒரு திரைக்கதை எழுதிட்டிருக்கேன். கூலிக்கு நெய்யற வீடு, அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, ஒரு கடன், அவ்வளவுதான் கதை. சிட் ஃபீல்ட் 1979-ல எழுதின திரைக்கதைப் புத்தகத்தைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு எழுதறேன். மொத்தம் 120 பக்கம், பக்கத்துக்கு ஒரு நிமிஷம். தொடக்கம் 30, மோதல் 60, முடிவு 30. முதல் திருப்பம் 25-லேருந்து 27-க்குள்ள வரணும்ங்கறார். எனக்கு 41-ல வருது. 14 பக்கத்தை எடுத்தா அக்காவே காணாமப் போயிடறா. வெட்டட்டுமா, புத்தகத்தை மூடி வெக்கட்டுமா?

குகை_கணக்கர்:
மூடி வெச்சிரும்மா. கோடம்பாக்கத்துல ஆறு வருஷம் உதவி இயக்குநரா அலைஞ்சுட்டு ஊர் திரும்பினவன் சொல்றேன். நான் பார்த்த சீன் பேப்பர்ல தாளை ரெண்டாப் பிரிச்சு இடதுபக்கம் கண்ணுக்குத் தெரியறதை எழுதுவாங்க, வலதுபக்கம் வசனம். ‘பாட்டு’ன்னு ஒரே வரி இருக்கும், திரையில அது அஞ்சு நிமிஷம் ஓடும். ‘சண்டை’ன்னு ஒரு வரி, அது இன்னும் நீளம். இதுல எங்கேருந்து பக்கத்துக்கு ஒரு நிமிஷம்? அது அமெரிக்காவுல டைப்ரைட்டர்ல அடிச்ச தாளுக்குப் போட்ட கணக்கு. பெரிய ஓட்டை இன்னொண்ணு இருக்கு. அவர் கணக்குல இடைவேளையே கிடையாது.

ஏற்காடு_லைப்ரரி:
பக்கக் கணக்கு ஒத்துவரலைன்னா புத்தகமே ஒத்துவராதா? சேலத்துக்காரர் இதைச் சொல்றதுதான் வேடிக்கை. ஏற்காடு ரோட்டுல வளைவு மட்டும் மிச்சமா நிக்குதே மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ, அங்கதான் 1950-ல ‘மந்திரி குமாரி’ எடுத்தாங்க. இயக்கின எல்லிஸ் ஆர். டங்கன் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல சினிமா படிச்சவர். தமிழ் தெரியாது. 1936-லேருந்து அதுவரைக்கும் தமிழ்ப்படமா எடுத்துத் தள்ளினாரே, எதை நம்பி? படிச்ச படிப்பைத்தானே?

குகை_கணக்கர்:
டங்கன் பாதியில கிளம்பிட்டார், மிச்சத்தை முதலாளி டி.ஆர். சுந்தரம்தான் முடிச்சார். அது கிடக்கட்டும். அந்தப் படத்துல இன்னிக்கும் ஜனங்க சொல்றது கேமராவையா, வசனத்தையா? வசனம் எழுதின கருணாநிதி எந்த சினிமாப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்? குண்டலகேசியைக் கையில எடுத்தார். கொல்லணும்னு மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறான் புருஷன். சாகறதுக்கு முன்னாடி உங்களைச் சுத்தி வந்து கும்பிட்டுக்கறேன்னு கேட்டு, பின்னால வந்ததும் தள்ளி விட்டுடறா. இதைவிடத் திருப்பம் வேணுமா? இது எத்தனையாம் பக்கத்துல வரணும்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?

ஏற்காடு_லைப்ரரி:
ஐயா, குண்டலகேசியில நமக்குக் கிடைச்சதே 19 பாட்டுதான். கதை பிழைச்சது, அதுக்கு மறுப்பா வந்த நீலகேசிக்கு உரை எழுதினவர் புண்ணியத்துல. புத்தகத்தைப் பத்தி எழுதின புத்தகம் இல்லேன்னா கருணாநிதி கைக்கு அந்த மலை உச்சியே வந்திருக்காது. சினிமாவைப் பத்தி எழுதினா மட்டும் ஆகாதா?

தட்டுவடை_செட்:
இந்த ரவுண்டு லைப்ரரிக்கு. கணக்கர் வாய்தா வாங்கிக்கலாம்.

குகை_கணக்கர்:
வாய்தா வேண்டாம். சினிமாவைப் பத்தின புத்தகம் வேற, சினிமா எழுதறது எப்படிங்கற புத்தகம் வேற. முதல் வகையை நான் ஒண்ணும் சொல்லல. தமிழ் சினிமா வரலாறு எழுதின தியடோர் பாஸ்கரனை அடிக்கோடு போட்டுப் படிச்சவன்தான் நானும். ரெண்டாவதுலதான் எனக்குச் சண்டை. ஃபீல்ட் என்ன வேலை பார்த்தார்? வர்ற திரைக்கதையெல்லாம் படிச்சு ஆகும், ஆகாதுன்னு சொல்ற வேலை. ரெண்டு வருஷத்துச் சொச்சத்துல 2,000-க்கு மேல படிச்சேன், அதுல 40 தான் தேறுச்சுன்னு அவரே எழுதியிருக்கார். தங்கச்சிக்குப் புரியற மாதிரி சொன்னா, அது நெய்யறவன் பேச்சு இல்ல. துணியை வெளிச்சத்துல விரிச்சுப் பிழை பார்க்கறவன் பேச்சு. அவனும் வேணும்தான். ஆனா தறி ஓடும்போது பக்கத்துல வந்து நிக்கக்கூடாது.

அம்மாபேட்டை_தறி:
நல்லாச் சொன்னீங்க ஐயா. ஆனா பிழைக்குக் கூலி பிடிப்பாங்கன்னு தெரிஞ்சுதானே எங்கம்மா ஒவ்வொரு இழையும் பார்த்துப் பார்த்து நெய்யுது?

ஏற்காடு_லைப்ரரி:
கேட்டீங்களா! அப்புறம், இடைவேளையே இல்லைன்னீங்க. பின்னாடி எழுதின புத்தகத்துல 60-ம் பக்கத்துல நடுப்புள்ளின்னு ஒண்ணு வெக்கறார் ஃபீல்ட். நம்ம இடைவேளை அதுதானே?

குகை_கணக்கர்:
அது அது இல்ல சார். அவரோட நடுப்புள்ளி தாண்டினா கதை நிக்காம ஓடும். நம்மாளு எழுந்து வெளிய போவான், பாப்கார்ன் வாங்குவான், போன் பேசுவான், வண்டி நிறுத்தின எடம் ஞாபகம் வரும். திரும்ப வந்து உட்கார்றவனுக்குக் கதையை மறுபடியும் தொடங்கணும். ஒரு படத்துக்குள்ள ரெண்டு தொடக்கம். இடைவேளைக்கு என்ன குண்டு போடலாம்னு மூணு மாசம் யோசிக்கறாங்க, அதுக்கு அடுத்த காட்சியை மூணு நிமிஷம்கூட யோசிக்கறதில்ல. ஒரு பாட்டையோ காமெடியையோ போட்டு ஒப்பேத்திடறாங்க. நம்ம படங்க தூங்கி விழற எடம் அதுதான். நான் வேலை செஞ்ச ஒரு படமும் அங்கதான் படுத்துச்சு. இதை எந்த இங்கிலீஷ் புத்தகமும் சொல்லித் தராது, அவங்களுக்கு அந்த வியாதியே இல்லையே.

தட்டுவடை_செட்:
படம் பேரைச் சொல்லுங்களேன்.

குகை_கணக்கர்:
மாட்டேன்.

ஏற்காடு_லைப்ரரி:
இடைவேளை விஷயத்துல நீங்க சொல்றது சரி, நான் அப்படி யோசிச்சதில்ல. ஆனா வெட்டறதுக்கு முன்னாடி, ஒட்டறதுக்கு முன்னாடி, இந்தப் பொண்ணுக்கு ஒரு பழக்கம் சொல்றேன். சத்யஜித் ராய் சாந்திநிகேதன் நூலகத்துல சினிமாப் புத்தகங்களைத் தேடிப் படிச்சவர். ஏதாவது ஒரு கதை படமாகப் போகுதுன்னு அறிவிப்பு வந்தா, அதுக்குத் தானே ஒரு திரைக்கதை எழுதி வெச்சுக்குவார். படம் வந்ததும் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். காசு செலவில்லாத பாடம்மா.

குகை_கணக்கர்:
அதே ராய் 1955-ல வந்த ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்தப்போ முழுசா எழுதின திரைக்கதையே வெச்சுக்கல. அவர் வரைஞ்ச படங்களும் குறிப்புகளும்தான். ஆனா நீங்க சொன்ன பழக்கம் நல்ல பழக்கம். அதுக்கு நான் எதிர்ப்பில்ல.

அம்மாபேட்டை_தறி:
குண்டலகேசி கதைக்கு நானே காட்சி பிரிச்சு எழுதிட்டு அப்புறம் ‘மந்திரி குமாரி’ பார்க்கறேன். 41-ம் பக்கத்தை இப்போதைக்குத் தொடல. ஐயா, எனக்கு இடைவேளை 68-ல. அதுல அக்கா வீட்டை விட்டுப் போயிடறா. அடுத்த காட்சியிலயே திரும்பி வர்ற மாதிரி எழுதியிருக்கேன். தப்பா?

குகை_கணக்கர்:
பாட்டோட வர்றாளா?

அம்மாபேட்டை_தறி:
இல்லைங்க. தறியில ஏத்தப் புதுப் பாவு நூலோட வர்றா. யார்கிட்ட காசு வாங்கினான்னு வீட்ல ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க.

குகை_கணக்கர்:
அதை வெட்டிராதே. முதல்ல அந்த 14 பக்கத்தை எனக்கு அனுப்பு.