டெல்லி எண் கொண்ட 2012 போர்ஷே கெயென் டர்போ: கோவையில் வாங்கி ஓட்டலாமா?

மருதமலைச் சாலை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக இன்னோவா ஓட்டி வருகிறேன். அதில் எந்தக் குறையும் கண்டதில்லை. ஆனாலும் வி8 இன்ஜின் (எட்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்தது) உள்ள ஒரு வண்டியைச் சில ஆண்டுகளாவது சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை கல்லூரி நாள்களிலிருந்தே மனத்தில் இருக்கிறது. இப்போது உள்ளூர் விற்பனையாளர் ஒருவரிடம் 2012ஆம் ஆண்டு போர்ஷே கெயென் டர்போ நிற்கிறது. டெல்லிப் பதிவு, மூன்றாவது உரிமையாளர், 62,000 கிலோமீட்டர் ஓடியது, கேட்கும் விலை 27 லட்சம். 500 குதிரைத்திறனுடன் 4.7 வினாடிகளில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் வண்டி, புதிய நடுத்தர எஸ்.யூ.வி. ஒன்றின் விலைக்குக் கிடைக்கிறது என்பதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. மாதம் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட மாட்டேன். பெரும்பாலும் ஊட்டி, வால்பாறைப் பயணங்கள்தாம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும், ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், டெல்லிக் காகிதங்களால் சிக்கல் வருமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பீளமேடு பட்டறை:

தம்பி, ஜெர்மன் வண்டிகளை மட்டுமே இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த உரிமையில் விரிவாகவே எழுதுகிறேன். 2010இல் வந்த இந்த இரண்டாம் தலைமுறைக் கெயென், முந்தையதைவிட எடை குறைந்த, நல்ல வண்டி. இதன் 4.8 லிட்டர் வி8 இன்ஜினில் பலருக்கும் தெரிந்த குறைகள் இரண்டு உண்டு. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், செல்லும் அலுமினியக் குழாய்களை அவற்றின் இருப்பிடத்தில் பசை கொண்டு ஒட்டியிருப்பார்கள். ஆண்டுக் கணக்கில் சூடாகிக் குளிர்ந்து அந்தப் பசை விட்டுப்போகும்போது, சொட்டுச் சொட்டாகக் கசியாமல், குழாயே பிடுங்கிக்கொண்டு மொத்தக் கூலன்ட்டும் ஒரே நொடியில் சாலையில் கொட்டிவிடக்கூடும். குன்னூர் ஏற்றத்தில் அப்படி நேர்ந்தால், வெப்பம் காட்டும் ஊசி சிவப்புக்குப் போவதைக் கவனித்து உடனே இன்ஜினை நிறுத்தாவிட்டால், இன்ஜினே போய்விடும். மற்றொன்று, அந்த ஆண்டுகளில் வந்த இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டரின் (வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) போல்ட்டுகள் தளர்வது. இரண்டும் சரிசெய்யப்பட்டனவா என்பதை வாய்ச்சொல்லில் நம்பாமல் பில்லில் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வேகமாகப் போக வேண்டாம். இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். அடியிலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி உதறினால் டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஆயில் மாற்றினால் சில வண்டிகளில் அடங்கும்; பலவற்றில் முழு யூனிட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

வண்டியைக் காற்றடைத்த ஸ்பிரிங்குகளில் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனைப் பார்க்க ஒரே ஓர் இரவு போதும். மாலையில் சமதரையில் நிறுத்தி, டயரின் மேல்பகுதிக்கும் அதற்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டுக்கும் இடையில் எத்தனை விரல் நுழைகிறது என்று நான்கு மூலையிலும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், கதவைக்கூடத் திறக்காமல், மறுபடி பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடும், காற்றடைக்கும் கம்ப்ரஸரும் பின்னாலேயே போகும்.

கிலோமீட்டர் திருத்தப்பட்டிருக்குமோ என்ற ஐயம் இருந்தால் ஸ்கேனரில் இன்ஜின் ஓடிய மணிநேரத்தைக் கேளுங்கள். 62,000 கிலோமீட்டரை 2,900 மணிநேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் 21 வரும். டெல்லி நெரிசலுக்கு அது பொருந்தும். 5,000 மணிநேரம் என்று காட்டினால் சராசரி 12தான் வரும்; உண்மையில் இன்னும் அதிகம் ஓடியிருக்கும், மீட்டரை நம்ப வேண்டாம். பேட்டரி முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால், வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். கார்ப்பெட்டைத் தூக்கிப் பேட்டரிக் கிளாம்ப்பில் துரு, ஓரங்களில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, கடைசி ஓர் அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆர்.சி. புத்தகம்:

காகிதம் பற்றி மட்டும் சொல்கிறேன், சார். பெட்ரோல் வண்டி 15 ஆண்டுகளுக்கு மேலும், டீசல் வண்டி 10 ஆண்டுகளுக்கு மேலும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. அங்கிருந்து பெரிய வண்டிகள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கியதற்கு முக்கியக் காரணம் இதுதான். எனவே மலிவு என்றாலே குறையுள்ள வண்டி என்று எண்ண வேண்டியதில்லை, ஆனால் என்.ஓ.சி. (பதிவு செய்த ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) உண்மையாகவே கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணத்தையும் தர வேண்டும். என்.ஓ.சி.க்கான படிவம் 28 தவிர, கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் வங்கியின் படிவம் 35, உரிமை மாற்றத்திற்கான 29, 30 ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகனில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு கட்டாயம். அதற்கான தமிழ்நாட்டு வரியை, வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்தாலும், அடிப்படையில் வண்டி புதிதாக இருந்தபோது விற்ற விலையை வைத்தே கணக்கிடுவார்கள். ஒரு கோடிக்கு மேல் விற்ற வண்டிக்கு அது சில லட்சங்களைத் தொடும். விலை பேசும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டு 27 லட்சத்துடன் கூட்டிப் பாருங்கள். பதிவுக்கு 2027இல் 15 ஆண்டுகள் முடியும், எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

வால்பாறை வளைவு:

இதே எடையுள்ள வேறொரு நான்கு சக்கர இயக்க வண்டியை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். முன்பு ஒரு தவறு செய்தேன்: முன் டயர்கள் தேய்ந்தபோது அவற்றை மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று டயர் கடையில் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். முன் சக்கரமும் பின் சக்கரமும் சுற்றளவில் வேறுபட்டதால் இடையிலிருந்த கிளட்ச் ஓயாமல் உரசி, ஒரே ஆண்டில் தேய்ந்துபோனது. ஒரு ஜோடி டயரில் மிச்சம் பிடித்த தொகை, பழுதுபார்த்த செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு டயரையும் ஒரே வகையில், ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று காட்டும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, ஐரோப்பியச் சோதனையில் நூறு கிலோமீட்டருக்கு 11.5 லிட்டர் என்று இருந்தாலும், அவிநாசி சாலை நெரிசலில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. நீங்கள் ஓட்டும் அளவுக்கு எரிபொருள் சமாளிக்கக்கூடியதுதான். பழுதுக்கு மட்டும் முதல் ஆண்டில் ஐந்து லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு வாங்குங்கள் என்பேன். அது இல்லாமல் 27 லட்சத்தையும் துடைத்துக் கொடுத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

மருதமலைச் சாலை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விற்பனையாளர் ஓர் இரவு நிறுத்திப் பார்க்க ஒப்புக்கொண்டார். மாலையில் நான்கு மூலையிலும் நான்கு விரல் நுழைந்தது. காலையில் இடது பின் பக்கத்தில் இரண்டுதான் நுழைந்தன. இன்ஜின் 3,050 மணிநேரம் ஓடியதாக ஸ்கேனர் காட்டியது. கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரமோ துருவோ இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸை 2021இல் மாற்றிய பில் கோப்பில் இருக்கிறது. கூலன்ட் குழாய்க்குப் பில் எதுவும் இல்லை. குழாய் வேலைக்கும் ஏர் ஸ்பிரிங்குக்கும் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கழித்து, என்.ஓ.சி. வந்த பிறகே மீதி என்று பேசியிருக்கிறேன். திங்கட்கிழமை பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.