இயற்கை வளப் பாதுகாப்பு படிக்க எந்த அரசுப் பல்கலைக்கழகம்? வேலூர்ப் பக்கம் யாராவது படித்திருக்கிறீர்களா?

குடியாத்தம் மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் கிராமம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, இப்போது பயாலஜி குரூப்பில் பிளஸ் டூ முடித்துவிட்டேன். மண், தண்ணீர், காடு இதையெல்லாம் காப்பாற்றுவது பற்றித்தான் படிக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கௌண்டன்யா ஆற்றில் தண்ணீர் வரும், ஊரே போய்ப் பார்க்கும், மற்ற நாளில் மணல்தான். எங்கள் கழனிக் கிணறு கோடையில் வற்றிவிடுகிறது, இரண்டு வரப்பு தள்ளி இருக்கிற பெரியப்பா கிணறு வற்றுவதில்லை, ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பா நர்சிங் சேர் என்கிறார். மரம் நடுவதற்கு எதற்குப் படிப்பு என்று மாமா கேட்கிறார். தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட வழியில்லை. என்ன டிகிரி, எங்கே, வேலை கிடைக்குமா?

வாணியம்பாடி வனவியல்:
வாங்க தங்கச்சி. நான் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் முடித்தவன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அது, 4 வருடப் படிப்பு, நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து வேளாண் பல்கலை நடத்தும் கலந்தாய்வில் இடம் கிடைக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு முதலில் மருத்துவத்துக்கு மட்டும் இருந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மைப் படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். தூரம் என்று வீட்டில் பயந்தால், காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம் என்று சொல்லுங்கள்.

மாமாவுக்கு ஒரு பதில். மரம் நடுவது அந்தப் படிப்பில் சின்னப் பகுதி. எங்களை முதலில் பழக்கியது அளக்கத்தான். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி மரத்தின் சுற்றளவு எடுக்க வேண்டும், சரிவில் நிற்கிற மரம் என்றால் மேட்டுப் பக்கம் நின்றுதான் அந்த உயரத்தைக் குறிக்க வேண்டும், டேப் கொஞ்சம் சாய்ந்தாலும் சுற்றளவு கூடிவிடும், அதிலிருந்து கணக்குப் போடுகிற கன அளவு, மரம் சேர்த்து வைத்திருக்கிற கார்பன் எல்லாமே தப்பாகிவிடும். ஜவ்வாது மலையில் எத்தனை சந்தன மரம் மிச்சம், எது எந்த வேகத்தில் வளர்கிறது என்று இப்படி ஒருவர் நின்று அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

பாலாற்றங்கரை:
நான் ஆம்பூர், இப்போது நீர்வடிப்பகுதித் திட்டங்களில், அதாவது மழைத் தண்ணீர் வடிந்து சேருகிற நிலப்பரப்பைக் காக்கிற திட்டங்களில் வேலை. டிகிரி பெயரைப் பார்த்துச் சேராதே அம்மா, இதை முக்கியமாகச் சொல்கிறேன். இந்திய வனப் பணித் தேர்வு எழுத வேண்டுமானால் தாவரவியல், விலங்கியல், பாறைகளையும் நிலத்தின் அமைப்பையும் படிக்கிற ஜியாலஜி, வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், கால்நடை இவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட பட்டம் வேண்டும், இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் இல்லை. அதனால் வனவியல் கிடைக்காவிட்டால், திருவள்ளுவர் பல்கலையோடு இணைந்த அரசுக் கல்லூரி ஒன்றில் தாவரவியலோ விலங்கியலோ முடித்துவிட்டு, சூழலியலுக்கு எம்.எஸ்சி.யில் போவது நல்லது. நான் அப்படித்தான் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் போனேன், அங்கே சூழலியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் சேர்ந்த துறை இருக்கிறது, இப்போது அதற்கு கியூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். காட்டு விலங்குதான் ஆசை என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் உண்டு.

உன் கிணற்றுக் கேள்வி நல்ல கேள்வி. நம் பக்கம் அடியில் முழுக்கக் கெட்டிப் பாறை. மணல் படிவில் இருக்கிற மாதிரி தண்ணீர் எங்கும் பரவி நிற்காது, மேலே சிதைந்து மக்கிய பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். பெரியப்பா கிணறு நல்ல வெடிப்பைத் தொட்டிருக்கும், உங்களுடையது தொடாமல் போயிருக்கும், இல்லையென்றால் மக்கிய அடுக்கு அங்கே தடிமனாக இருக்கும். பார்த்தால் தெரியாது, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

தண்ணீர் இருந்தும் பயனில்லாத கதையும் நம் பக்கத்தில்தான். எங்கள் பக்கம் கிணற்றில் கருவியை இறக்கினால் உப்பைக் காட்டுகிற எண் ஏறிக்கொண்டே போகும், அந்தத் தண்ணீரில் தென்னை மட்டும் ஏதோ நிற்கும், நெல் எடுக்காது. தோல் பதனிடும் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. இன்று சட்டக் கல்லூரிகளில் எல்லாம் நம் ஊர்ப் பெயரோடு அதைப் படிக்கிறார்கள். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலையின் குரோமியக் கழிவு இன்னொரு பாடம். மூன்று இணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஆறு இணைதிறன் என்றால் தண்ணீரோடு நகரும், நஞ்சும் அதிகம். எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரியாமல் மேலே மண்ணைக் கொட்டி மூடினால் பிரச்சினை தீராது. இந்த வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் வரவேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

கணியம்பாடி விவசாயி:
படித்தவர்கள் சொன்னதற்கு மேல் ஒன்றுதான். எங்கள் பக்கம் நாகநதி பல வருஷம் வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலையில் பெண்கள் ஓடைகளில் உறைகிணறு இறக்கி, தடுப்பணை போட்டு, மழைத் தண்ணீரை நிலத்துக்குள் விட்டார்கள், 2021இல் பிரதமரே வானொலியில் பேசினார். மண்வெட்டி பிடிக்க ஆள் எப்போதும் உண்டு, எந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று காட்டத்தான் படித்த ஆள் வேண்டும். அப்பாவிடம் இதைச் சொல் பாப்பா. நர்சிங்கும் நல்ல படிப்புதான், ஆனால் உனக்கு மனசு இங்கே இருக்கிறது.

குடியாத்தம் மாணவி:
அப்பாவிடம் மூன்று பதிலையும் வாசித்துக் காட்டினேன், கிணறு விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசினார். விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டார். வேலை பற்றி மட்டும் இன்னும் கேட்கிறார், என்ன சொல்லட்டும் அண்ணா?

வாணியம்பாடி வனவியல்:
உள்ளதைச் சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் தேர்வுகள் உண்டு, பழகுநர் பணிக்கு வனவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. 2024 குரூப் 4இல் வனக் காப்பாளர் பணியிடமும் சேர்ந்து வந்தது. ஆனால் அறிவிப்பு வருஷா வருஷம் வராது, காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த இடைவெளிக்கு கியூஜிஸ் கற்றுக்கொள்ளுங்கள், இலவச மென்பொருள், வரைபடம் போடத் தெரிந்தவருக்கு நீர்வடிப்பகுதி வேலைகள் கிடைக்கும். இப்போதைக்கு சாதிச் சான்றிதழும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும், வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றும் இ-சேவை மையத்தில், பள்ளியில் வாங்கி வைத்துவிடுங்கள், கலந்தாய்வு நேரத்தில் கூட்டம் தாங்காது.