.22 ரைபிளுக்கு 100 டாலருக்குள் எந்த ஸ்கோப் வாங்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் ஓஹாயோவில் வசிக்கும் நான், ரூகர் 10/22 ரைபிளைக் கொண்டு, வார இறுதிகளில் சுடுதளத்தில் 50 கஜ தூரத்துக் காகித இலக்கைச் சுட்டுப் பழகி வருகிறேன். வயது ஏற ஏற, பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க முடியாததால், 100 டாலருக்குள் நம்பகமான ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றைத் தேடுகிறேன்.

முன்பு மலிவாகக் கிடைத்ததென்று 3-9x40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முகப்பு லென்ஸ்) ஒன்றை வாங்கினேன். அது பெரிய ரைபிள்களுக்காக, 100 கஜத்தில் இடமாறு தோற்றப்பிழை (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதாகத் தோன்றுவது) நீக்கப்பட்டது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் சற்று நகர்த்தினாலே, குறுக்குக்கோடு ஓரங்குலக் கரும்புள்ளியின் விளிம்புவரை விலகிப் போகிறது. அதைவிட வருத்தம், குறியைச் சரிசெய்யும் திருகை நான்கு கிளிக் திருப்பினால் 50 கஜத்தில் அரை அங்குலம் நகர வேண்டிய குறி, அசையாமல் நின்று, இரண்டு மூன்று குண்டுகளுக்குப் பிறகு திடீரென இடம் மாறுவதுதான்.

50 கஜத்துக்கென்றே அமைக்கப்பட்ட ரிம்ஃபயர் (.22 போன்ற சிறு தோட்டாக்களுக்கான) ஸ்கோப்களில், நிலையான 4x32 எனக்குப் போதுமா, அல்லது சற்றுக் கூடுதலாகச் செலவிட்டு 2-7x32 வாங்குவது நல்லதா? .22 தோட்டாவின் பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால், கண்ணாடியின் தெளிவும் திருகின் நம்பகமுமே எனக்கு முக்கியம். ரைபிளுடன் வந்த, ஸ்கோப் பொருத்தும் பட்டையில் வீவர் வகை வளையங்கள் (ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்துபவை) பொருந்தும்; 32 மி.மீ. முகப்பு லென்சுக்கு உயரம் குறைந்த வளையம் போதுமா என்பதையும், பயன்படுத்திப் பார்த்தவர்கள் மாடல் பெயருடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.