ஃபேரிங் என்பதற்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

களியக்காவிளை டீச்சர், திங்கள் இரவு:

அனைவருக்கும் வணக்கம். பட்டயப் படிப்புப் பிள்ளைகளுக்காகக் கடல் கருவிகள் பற்றிய பாடக்குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

படகு ஒரு கருவியை நீருக்கடியில் இழுத்துப் போகிறது. இழுக்கும் வடம் உருண்டை. நீர் அதைத் தாண்டும்போது வடத்தின் முதுகுப்பக்கம் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகள் கழல்கின்றன. ஒவ்வொரு சுழியும் வடத்தை ஒரு பக்கம் அசைத்துவிட்டுப் போவதால் வடம் அதிர்கிறது. வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது ஏறக்குறைய வந்துவிடும். 1 செ.மீ. (0.01 மீட்டர்) விட்டமுள்ள வடம், நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் 40. இதையும், நீர் வடத்தைப் பின்னுக்கு இழுப்பதையும் தணிக்க, முன்பக்கம் உருண்டு பின்பக்கம் ஒடுங்கிய, மீன் உடம்பு மாதிரியான உறையைத் துண்டு துண்டாக வடத்தில் மாட்டுகிறார்கள். அதுதான் ஃபேரிங்.

‘இழுவை வடத்தின் இழுவை குறைப்பான்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். வகுப்பில் நீரோடி என்ற கடலோர ஊர்ப் பையன் ஒருவன், “டீச்சர், இழுவைய கொறச்சா வள்ளம் எப்பிடி இழுக்கும்?” என்றான். அவன் கேட்டது நியாயம். படகு இழுப்பதும் இழுவை, நீர் பின்னுக்கு இழுப்பதும் இழுவையா?

மார்த்தாண்டம் புலவர், செவ்வாய் காலை:

அம்மா, நீர் இழுப்பதைப் ‘பின்னிழுவை’ என்றால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. உறைக்கு ‘ஒழுகுறை’ என்று வையுங்கள். ஒழுகு + உறை. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. நீர் ஒழுகிப் போக வழிவிடும் உறை என்பது பொருள்.

ஒழுகு என்பது நம் மண்ணுக்கு நெருங்கிய வேர். மலையாளத்தில் இன்றும் ஆற்றோட்டம் ‘ஒழுக்கு’தான். ஒழுக்கம் என்பதும் இதே வேரில் பிறந்தது. நேராக ஒழுகுவது ஒழுக்கம், சுழித்து நிற்பது அதன் கேடு. நாகர்கோவில் ஒழுகினசேரியையும் எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் பழையாறு ஓடுகிறது. ஊர்ப்பெயரில் உள்ள ‘ஒழுகின’ நீரா, வேறு ஏதுமா என்று நெடுநாளாகவே எனக்கு ஓர் ஐயம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

கொச்சிப் பொறியாளர், செவ்வாய் மாலை:

புலவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். வடத்துக்குள்ளே மின்கம்பி இருக்கிறது. உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் கருவி போச்சு. அப்படிப்பட்ட வடத்தின் மேல் ‘ஒழுகுறை’ என்று எழுதி ஒட்டினால் எங்கள் ஆட்கள் ‘எங்கே ஒழுகுது?’ என்று பதறுவார்கள். திருச்சிக்கு வடக்கே கூரை ஒழுகும், மூக்கு ஒழுகும். ஆறு ஓடும். போதாக்குறைக்கு வேகமாகச் சொன்னால் கடைசியில் ‘குறை’ என்றுதான் காதில் விழுகிறது.

டீச்சருக்கு இன்னொரு விஷயம். உயரமான புகைபோக்கிகளில் திருகுபோல் பட்டை சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அதிர்வைத்தான் தடுக்கிறது. ஆனால் பின்னிழுவையைக் கூட்டிவிடும். ஃபேரிங் இரண்டையும் குறைக்கும். வெறும் உருண்டை வடத்தின் பின்னிழுவைக் கெழு (நீர் எவ்வளவு பின்னிழுக்கிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 1.2. அதிரத் தொடங்கினால் 2-ஐயும் தாண்டலாம். நல்ல உறை மாட்டினால் 0.2 அளவுக்கு இறங்கும். ஆகவே ‘அதிர்வடக்கி’ என்று யாராவது கிளம்பினால் அது திருகுப்பட்டைக்குப் போகட்டும். மயிர்க்கற்றைபோல இழைகளைத் தொங்கவிடும் மலிவான வகையும் உண்டு. அதை மாட்டிய வடத்தைச் சாதாரணச் சுற்றுருளையிலேயே சிக்கலில்லாமல் சுற்றலாம். கெட்டி உறைக்கோ அதற்கென்றே செய்த சுற்றுருளை வேண்டும்.

நீரோடியிலிருந்து ஒருவர், செவ்வாய் இரவு:

நான் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தினவன். எழுதலாமா தெரியவில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கூடின நாளில் கயிறு விறைத்து நின்றால் விரலில் கிணுகிணு என்று ஏறும். டீச்சர் சொல்லும் 40 அதுதான் போல. அந்த உறை மீனின் வாலும் செட்டையும் மாதிரி இருக்கிறது என்றால் ‘வடச்செட்டை’ என்று சொன்னால் என்ன?

பாறசாலை வாசகர், புதன் காலை:

அண்ணன் சொன்னது அழகான சொல். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், வகுப்பில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. மலையாளத்தில் ‘செற்ற’ என்றால் கீழ்த்தரமானவன் என்ற வசவு, தெரியும்தானே? டீச்சர் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பாறசாலை, பொழியூர்க்காரர்கள். ‘வடத்தில் செட்டையை மாட்டு’ என்று சொன்ன பிறகு அன்றைக்குப் பாடம் நடக்காது.

மார்த்தாண்டம் புலவர், புதன் மாலை:

செட்டையைச் செற்றையோடு குழப்புவது காதின் பிழை, சொல்லின் பிழை அல்ல. இருந்தாலும் விட்டுவிடுகிறேன். வடம் என்பதையே வடசொல் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி ஐயம் இருந்தால் ‘கயிறு’ இருக்கவே இருக்கிறது. மலையாளத்துக் ‘கயர்’ ஆங்கிலத்தில் ‘காயர்’ ஆனது. நம் கட்டுமரத்தையும் அவர்கள் கொண்டுபோனார்கள். உலகுக்குக் கயிறும் கலமும் கொடுத்த கரையில் ஓர் உறைக்குச் சொல் இல்லையா? ‘சீருறை’ என்பதைப் பரிசீலியுங்கள்.

களியக்காவிளை டீச்சர், புதன் இரவு:

ஐயா, சீருறை எனக்கும் பிடித்திருந்தது. தட்டச்சு செய்பவருக்கு அனுப்பிப் பார்த்தேன். ‘சீருடை’ என்று திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ‘வடத்துக்குச் சீருடை அணிவித்தால் அதிர்வு குறையும்’ என்று வாக்கியம் நிற்கிறது. எங்கள் தலைமையாசிரியருக்கு மிகவும் பிடிக்கும்!

‘வடச்சிறகு’ எப்படி? சிறகு எல்லைக்கு இரு பக்கமும் புரியும். மலையாளத்தில் மீனின் துடுப்புக்கும் சிறகுதான்.

நெறியாளர், வியாழன் இரவு:

சரி, போதும். இதுவரை வந்தவை: வடச்சிறகுக்கு நான்கு பேர், சீருறைக்கு ஒருவர் (யாரென்று சொல்லத் தேவையில்லை), ‘பேசாமல் ஃபேரிங் என்றே எழுதுங்கள்’ என்று இரண்டு பேர். ஒழுகினசேரி பற்றிய மடல்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். அங்கே இதைவிடக் கூட்டம்.

களியக்காவிளை டீச்சர், வெள்ளி காலை:

வடச்சிறகு என்றே அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. நீரோடி அண்ணனின் ‘கிணுகிணு’வையும் கேட்காமலே பாடத்தில் சேர்த்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

கொச்சிப் பொறியாளர், வெள்ளி மதியம்:

கடலில் இருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். தாமதம்தான், இருந்தாலும் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறகின் வேலை தூக்குவது. இந்த உறை தூக்கவே கூடாது. வடத்தைச் சுற்றித் தாராளமாகத் திரும்பி, எப்போதும் நீரின் போக்கில் வாலை வைத்திருக்க வேண்டும். எங்காவது சிக்கிச் சாய்ந்து நின்றால்தான் அது சிறகாக மாறும். அப்போது வடம் பறக்கும் பட்டம் மாதிரி ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போகும், கருவியும் கூடவே போகும். நாம் வைத்த பெயர் அந்தப் பழுதின் பெயர். டீச்சர், உங்கள் குறிப்பில் அடுத்த பக்கமே அந்தப் பழுதைப் பற்றித்தான் இருக்கும். அங்கே என்ன எழுதினீர்கள்?